புழுவால் செத்ததா, புழுவோடு செத்ததா?

ஹார்பர் போர்பாய்ஸ் என்று ஒரு கடல் பிராணி இருக்கிறது. திமிங்கல இனத்தில் சின்னது, டால்பினுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் மூஞ்சி நீண்டிருக்காது. ஒன்றரை மீட்டர் நீளம், 50, 60 கிலோ எடை. வட கடலிலும் பால்டிக்கிலும் கனடாவின் கிழக்குக் கரையிலும் கரையை ஒட்டியே திரியும். கரை ஒதுங்கிய ஒன்றை மேசையில் கிடத்தி, தலையைப் பிளந்து, காதெலும்பைச் சுற்றியிருக்கும் காற்றறைகளைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் மொய்த்துக் கிடக்கும். பத்து இருபது இல்லை, நூற்றுக்கணக்கில். பல நேரம் ஆயிரத்தைத் தாண்டும். ஸ்டெனூரஸ் மைனர் என்ற உருளைப்புழு அது.

இந்தப் பிராணியின் பிழைப்பே காதில்தான் இருக்கிறது. 130 கிலோஹெர்ட்ஸ் அளவில், மனிதக் காதுக்கு எட்டவே எட்டாத சுருதியில் டிக் டிக்கென்று ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து இருட்டிலும் கலங்கல் தண்ணீரிலும் மீன் பிடிக்கிறது. அப்படிப்பட்டதன் காதைச் சுற்றி ஆயிரம் புழு என்றால் யாராக இருந்தாலும் முதலில் என்ன சொல்வார்கள்? செவிடாகிப் போயிருக்கும், வழி தெரியாமல் கரையில் வந்து விழுந்திருக்கும், புழுதான் கொன்றது. அப்படி அறுத்த ஒன்றின் படத்தைப் பார்த்தவுடன் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், நடுவில் ஒரு விஷயம் இடிக்காமல் இருந்தால்.

1998-இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கரை ஒதுங்கியவற்றை விட்டுவிட்டு, மீன்வலையில் தவறுதலாகச் சிக்கி மூழ்கி இறந்த போர்பாய்ஸ்களை எடுத்துக்கொண்டார்கள். செத்த அன்றைக்குக் காலைவரை நன்றாக நீந்தி, வேட்டையாடி, வயிறு நிறையத் தின்றுகொண்டிருந்தவை அவை. அவற்றின் காதறைகளிலும் அதே புழுக்கள், அதே ஆயிரக்கணக்கில். புழு அதிகமாக இருந்தவை மெலிந்திருந்தனவா என்று கொழுப்பையும் எடையையும் பார்த்தால், அப்படி ஒரு தொடர்பும் தெரியவில்லை.

நான் கால்நடை மருத்துவன். கடலுக்கும் எனக்கும் தொழில்முறையில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. என் பிழைப்பு வெள்ளாடும் செம்மறியும்தான். ஆனால் கல்லூரியில் ஒட்டுண்ணியியல் பாடத்தில் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. யாராவது திமிங்கலத்துப் புழு பற்றி ஏதாவது எழுதியிருந்தால் இரவு உட்கார்ந்து படிப்பேன். அதற்குக் காரணம் புழுவின் விசித்திரம் மட்டும் இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் செத்த ஆட்டை அறுத்துப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கிற ஆள் கேட்கிற கேள்வி அங்கேயும் வருகிறது: “பூச்சியாலதான் செத்துச்சா சார்?”

ஆட்டில் இதற்குப் பதில் சொல்வது ஒப்பீட்டளவில் சுலபம். நான்காம் இரைப்பையில் ஹீமாங்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஐயாயிரம் புழு என்றால் கால் லிட்டர். ஆடு தாங்காது. கண்ணிமையை விரித்துப் பார்த்தால் வெளுத்திருக்கும், தாடைக்குக் கீழே நீர் கோத்திருக்கும், சாணத்தில் முட்டையை எண்ணலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதி மந்தைக்கு மருந்து கொடுத்து, மீதிக்குக் கொடுக்காமல் விட்டு, ஆறு மாதம் கழித்து எடை போட்டுப் பார்க்கலாம். புழு எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

திமிங்கலத்திடம் இதில் எதுவும் நடக்காது. அங்கே கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிணம். அதுவும் கரை ஒதுங்கிய பிணம். நோய்வாய்ப்பட்டவை, கிழடு தட்டியவை, தாயைப் பிரிந்த குட்டிகள், இவைதான் அதிகம் கரைக்கு வரும். அவற்றை அறுத்துப் பார்த்துவிட்டு “இந்த இனத்தில் நூற்றுக்கு இத்தனை புழுவால் சாகிறது” என்று சொல்வது, அரசு மருத்துவமனை சவக்கிடங்கை மட்டும் பார்த்துவிட்டு ஊரின் ஆரோக்கியத்தை எடைபோடுவது மாதிரி.

சரி, முதலில் யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். போர்பாய்ஸையே எடுத்துக்கொண்டால் காதுப்புழு தவிர நுரையீரலில் இன்னும் மூன்று வகை உண்டு. சூடாலியஸ் இன்ஃபிளெக்சஸ் மூச்சுக்கிளைக் குழாய்களில் இருக்கும். அங்கே நிற்காமல் நுரையீரல் தமனிக்குள்ளும் புகும், சில பிணங்களில் இதயத்தின் வலது அறையிலேயே கிடக்கும். டோரினூரஸ் கன்வொலூடஸ் அதைவிடச் சிறியது, மூச்சுக்குழாய்களில் சுருண்டிருக்கும். ஹாலோசெர்கஸ் இன்வாஜினேடஸ் நுரையீரலின் சதைக்குள்ளேயே முடிச்சு முடிச்சாகப் பதிந்துகொள்ளும். நான்கும் ஒரே குடும்பம், சூடாலிடே. இந்தக் குடும்பத்துப் புழுக்கள் ஏறக்குறைய எல்லாமே பல்லுள்ள திமிங்கல இனங்களின் நுரையீரலுக்கும் காதுக்கும் என்றே ஆகிப்போனவை.

எப்படி உள்ளே வருகின்றன? பெரும்பாலும் மீன் வழியாக என்பதற்கு வலுவான காரணம் உண்டு. பால் மட்டும் குடிக்கிற குட்டிகளின் காதில் ஸ்டெனூரஸ் இருக்காது. மீன் தின்னத் தொடங்கி ஒரு வருடம் கடந்தவற்றில் எண்ணிக்கை திடீரென்று ஏறிவிடும். போர்பாய்ஸ் தின்கிற வேகத்தைப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. டென்மார்க் கடலில் உடம்பில் ஒலிப்பதிவுக் கருவி ஒட்டி விட்ட போர்பாய்ஸ்கள் மணிக்கு 550 சிறு மீன்கள்வரை துரத்தியது 2016-இல் பதிவானது. பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் வெற்றி. குளிர்ந்த தண்ணீரில் அவ்வளவு சின்ன உடம்பு சூடு காக்க வேண்டுமென்றால் தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு அத்தனை மீன் உள்ளே போகும்போது அதில் ஒளிந்திருக்கும் புழுக்குஞ்சுகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

ஹாலோசெர்கஸ் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. ஃபுளோரிடாவில் பாட்டில்மூக்கு டால்பின்களின் பிறந்த குட்டிகளிலேயே இந்தப் பேரினத்துப் புழு வளர்ந்த நிலையில் கிடைத்தது. மீன் ஒன்றுகூடத் தின்றிராத குட்டி. அப்படியென்றால் கருவிலேயே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஆட்டிலும் மாட்டிலும் பழகிய எங்களுக்கு இது புதிதில்லை. எருமைக் கன்றுக்கும் நாய்க்குட்டிக்கும் உருண்டைப்புழு தாயிடமிருந்தே வருகிறது. ஆனால் முதல் மூச்சு எடுக்கத் தண்ணீருக்கு மேலே ஏறி வரவேண்டிய ஒரு குட்டிக்கு, அந்த நுரையீரலில் ஏற்கெனவே புழு இருக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

காதுப்புழு சாது என்றால், நுரையீரல் புழு அப்படி இல்லை. கட்டி சேர்கிறது, குழாய் அடைபடுகிறது, புழு போட்ட பாதையில் பாக்டீரியா நுழைகிறது, நிமோனியா. ஜெர்மனியின் பூசும் நகரத்தில் ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் விலங்கு நிலையத்தார் பல ஆண்டுகளாக அறுத்துப் பார்த்துச் சேர்த்த பதிவுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் இங்கேயும் வலையில் சிக்கியவற்றை எடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவு வருகிறது. அவற்றின் நுரையீரலிலும் புழு உண்டு, பாதிப்புதான் லேசாக இருக்கும். அப்படியென்றால் புழு உள்ள ஒன்று நன்றாக வாழ, இன்னொன்று நிமோனியாவில் சாக, நடுவில் வேறு ஏதோ இருக்க வேண்டும்.

அந்த “வேறு ஏதோ” என்ன என்பதற்கு பிரிட்டனில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே கரை ஒதுங்கும் திமிங்கல இனங்களைப் பரிசோதிக்கும் திட்டம் 1990 முதல் நடக்கிறது. செத்த போர்பாய்ஸ்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். நோய்த்தொற்றால் செத்தவை ஒரு பக்கம். வலையில் மாட்டியோ, பாட்டில்மூக்கு டால்பின் தாக்கியோ, திடீர் காயத்தால் செத்தவை மறுபக்கம். (ஆமாம், டால்பின்கள் போர்பாய்ஸ்களை முட்டிக் கொல்லும். சிரித்த முகத்தை நம்பவேண்டாம்.) இரண்டு குழுவின் கொழுப்பிலும் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனத்தை அளந்தபோது, நோயால் செத்தவற்றில் அது அதிகம். ஐல்சா ஹாலும் குழுவினரும் 2006-இல் கணக்குப் போட்டுச் சொன்னது: கொழுப்பில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிசிபி கூடினால் தொற்றுநோயால் சாகும் அபாயம் சுமார் 2 சதவீதம் ஏறுகிறது. மின்மாற்றி எண்ணெய்க்கும் மற்றதற்கும் பயன்பட்ட பிசிபி பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடை செய்யப்பட்டது. ஆனால் அது கரைந்து போகாது, மீனில் சேர்ந்து, மீனைத் தின்றதில் சேர்ந்து, தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. அறிக்கையில் “புழுத் தொற்றுடன் நிமோனியா” என்று எழுதியிருக்கும். பழைய மின்மாற்றியின் பெயரை அதில் யாரும் எழுதுவதில்லை.

நான் படித்ததிலேயே மிகவும் ரசித்தது 1980-இல் வந்த ஒரு சின்னக் கட்டுரை. எழுதியவர்கள் வில்லியம் பெரின், ஜோசப் பவர்ஸ். இரண்டு பேரும் அமெரிக்க மீன்வளத் துறையைச் சேர்ந்தவர்கள்.

அதன் பின்னணி கொடுமையானது. கிழக்குப் பசிபிக்கின் வெப்பக் கடலில் மஞ்சள்துடுப்புச் சூரை, புள்ளி டால்பின் கூட்டங்களுக்குக் கீழேயே நீந்தும். ஏன் என்று கேட்டால் பல விளக்கம் சொல்வார்கள். சூரை பிடிக்கிற கப்பல்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மேலே டால்பின் தெரிந்தால் கீழே சூரை. டால்பின் கூட்டத்தைச் சுற்றிச் சுருக்குவலை போட்டு இழுத்தால் சூரை வரும், கூடவே டால்பினும் வரும். 1960-களில் வருடத்துக்கு லட்சக்கணக்கில் டால்பின்கள் இப்படி மூழ்கிச் செத்தன. 1972-இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். அதை ஒட்டி, கப்பல்களில் ஏறிய ஆட்கள் செத்த டால்பின்களின் மண்டையோட்டையும் பல்லையும் சேகரித்து வந்தார்கள். பெரினுக்கு அப்படி ஒரு பெரிய மண்டையோட்டுக் குவியல் கிடைத்தது.

அந்த மண்டையோடுகளில் சிலவற்றில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் காற்றறையின் எலும்பு அரித்துப் போயிருந்தது. சில இடங்களில் ஓட்டையே விழுந்திருந்தது. கிராசிகாடா என்ற பேரினத்து உருளைப்புழுவின் வேலை. டால்பின்களில் அது தலையின் காற்றறைகளில் குடியிருந்து எலும்பையே கரைக்கும்.

இனிமேல்தான் அவர்களுடைய யோசனை. பல்லை மெல்லிய சீவலாக அறுத்தால் உள்ளே வளர்ச்சி அடுக்குகள் தெரியும், அதை எண்ணி வயதைக் கண்டுபிடிக்கலாம். வயதுவாரியாக மண்டையோடுகளை அடுக்கிவிட்டு, ஒவ்வொரு வயதிலும் எத்தனை சதவீதத்தில் எலும்பு அரிப்பு இருக்கிறது என்று பார்த்தார்கள். இளவயதில் அதிகம். வயது ஏற ஏறக் குறைகிறது.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எலும்பில் விழுந்த ஓட்டை தழும்பு மாதிரி, போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வயது ஏற ஏறத் தழும்புள்ளவை கூடவேண்டும், குறைந்தபட்சம் அப்படியே இருக்கவேண்டும். குறைகிறது என்றால் தழும்புள்ளவை எங்கே போயின? செத்துப்போயின. வலை அவற்றைப் பிடிப்பதற்கு முன்பே போய்விட்டன. அந்தக் குறைவை வைத்துக் கணக்குப் போட்டதில், அந்த டால்பின்களின் இயற்கை மரணத்தில் 11 முதல் 14 சதவீதத்துக்கு இந்தப் புழுவே காரணமாக இருக்கலாம் என்று வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், புழுவால் செத்த ஒரு டால்பினைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. பார்க்கவும் தேவையில்லை. வலை பிடிக்கும்வரை மிஞ்சியவற்றில் யார் இல்லை என்பதை வைத்தே கணக்கு முடிந்துவிட்டது.

ஓட்டைகள் உண்டு, வாதத்திலும். எலும்பு ஆறவே ஆறாது என்று எப்படிச் சொல்வது? எலும்பு உயிருள்ள திசு. இளம் டால்பினில் ஏற்பட்ட அரிப்பு, புழு செத்தபின் பத்து வருடத்தில் தூர்ந்திருந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். ஆட்டுக் கொம்படியில், தாடையில் எலும்பு தூர்ந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இந்தச் சந்தேகத்தை லேசாகத் தள்ளமாட்டேன். ஆனாலும், திமிங்கல இனத்தில் ஒட்டுண்ணி எத்தனை சாவுக்குக் காரணம் என்று ஒரு எண்ணைச் சொல்லத் துணிந்த ஆய்வுகள் மிகச் சில. அதில் இதுதான் முன்னோடி.

கிராசிகாடாவின் பெரிய சொந்தக்காரன் ஒருவன் துடுப்புத் திமிங்கலத்தின் சிறுநீரகத்தில் இருக்கிறான். கிராசிகாடா பூபிஸ். 1920-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் புழு நிபுணர் பெய்லிஸ் பெயர் வைத்தது. நீலத் திமிங்கலத்துக்கு அடுத்தபடி உலகிலேயே பெரிய விலங்கு துடுப்புத் திமிங்கலம். அதன் சிறுநீரகம் நம்முடையது மாதிரி ஒரே கட்டி இல்லை, ஆயிரக்கணக்கான குட்டிச் சிறுநீரகங்கள் திராட்சைக் குலையாகச் சேர்ந்தது. புழு தலையை அந்தச் சதைக்குள்ளேயும் ரத்தக் குழாய்களுக்குள்ளேயும் செருகிக்கொண்டு, வாலைச் சிறுநீர் இறங்கும் குழாயில் தொங்கவிட்டிருக்கும். முட்டை சிறுநீரோடு கடலுக்குப் போய்விடும். நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டும்.

இவ்வளவு நீளமான புழு சதைக்குள் நெளிந்து நெளிந்து போயிருந்தால் முழுசாக வெளியே எடுப்பது நடக்கிற காரியம் இல்லை. இழுத்தால் அறுந்துவிடும். அதனால் கிராசிகாடா இனங்களில் பலவற்றைத் துண்டுகளை வைத்தே விவரித்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தலை கிடைத்தது, இன்னொருவருக்கு வால். எது எந்த இனம் என்பதில் நூறு வருடக் குழப்பம் இருக்கிறது என்றால் அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

1980-களில் ரிச்சர்ட் லாம்பர்ட்சன் ஐஸ்லாந்தில் திமிங்கலம் வெட்டும் நிலையத்தில் நின்று, அப்போதுதான் ஈட்டி பாய்ச்சிக் கொண்டுவந்த துடுப்புத் திமிங்கலங்களின் சிறுநீரகங்களைப் பார்த்தார். மறுபடியும் அதே கதை: இவை கரை ஒதுங்கியவை இல்லை, நன்றாக இருந்தபோது கொல்லப்பட்டவை. பத்தில் ஒன்பதுக்கு மேல் புழு இருந்தது. இவ்வளவு பரவலாக இருந்தால் சாதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும், இல்லையா? காதுப்புழுவுக்கு அப்படித்தானே சொன்னோம். ஆனால் லாம்பர்ட்சன் பார்த்தது வேறு. புழுவைச் சுற்றி உடம்பு காட்டிய எதிர்ப்பில் சிறுநீரகத்தின் ரத்தநாளங்கள் தடித்து, சிலவற்றில் அடைபட்டே போயிருந்தன. இளம் திமிங்கலங்களில் குடலுக்குப் போகும் தமனிகளில் அழற்சி. குஞ்சுப் புழுக்கள் குடலைத் துளைத்துச் சிறுநீரகத்துக்குப் பயணம் போன தடம் அது என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு சிறுநீரகமும் அடைபட்டால் திமிங்கலமும் சாகத்தான் செய்யும். திமிங்கல வேட்டையால் குறைந்துபோன இனம் மீண்டு வருவதை இந்தப் புழு தாமதப்படுத்தலாம் என்றுகூட அவர் எழுதினார்.

ஆக, பரவலாக இருப்பது சாது என்பதற்கு அடையாளம் இல்லை. எண்ணிக்கை அதிகம் என்பது கொலைக்கும் சாட்சி இல்லை. எந்த உறுப்பு, எந்த ரத்தக்குழாய், எந்த வயது என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. புழு என்ன செய்கிறது என்று நமக்கு உருப்படியாகத் தெரிந்ததெல்லாம் புழு கொன்றவற்றிடமிருந்து வரவில்லை. நாம் கொன்றவற்றிடமிருந்து வந்தது. கனடாவில் மீன்வலை, பசிபிக்கில் சூரை வலை, ஐஸ்லாந்தில் ஈட்டி. ஆரோக்கியமான திமிங்கலத்தின் உட்புறத்தை வேறு எந்த வழியிலும் பார்க்க முடிந்திருக்காது. அதற்காக வேட்டையை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அந்தத் தகவலைப் பயன்படுத்தும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

திமிங்கல வேட்டை கொடுத்த இன்னொரு விநோதம் இருக்கிறது, சொல்லாமல் போனால் எனக்கே தூக்கம் வராது. 1951-இல் சோவியத் ஆய்வாளர் குபானோவ், குரில் தீவுகள் பக்கம் பிடிபட்ட ஒரு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் நச்சுக்கொடியில் ஒரு புழுவை எடுத்தார். பிளசன்டோனீமா ஜைகான்டிசிமா. பெண் புழு 8.4 மீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், உள்ளே 32 சூலகங்கள். இதுவரை தெரிந்த உருளைப்புழுக்களிலேயே நீளமானது. வேறு எங்கும் இல்லாமல் நச்சுக்கொடியில்!

கூட்டமாகக் கரை ஒதுங்குவது பற்றியும் கேட்பார்கள். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. நாற்பதுக்கு மேல் செத்துப்போயின. 1973 ஜனவரியிலும் அதே கரையில் 147 ஒதுங்கியிருந்தன. இப்படி நடக்கும்போதெல்லாம் வாட்ஸாப்பில் சுற்றுகிற காரணங்களில் “காதில் புழு” ஒன்று. இந்த எண்ணம் எங்கிருந்தோ வந்ததில்லை. 1972-இல் கலிஃபோர்னியாவில் ரிட்ஜ்வேயும் டெய்லியும் தனித்தனியாக ஒதுங்கிய டால்பின்களின் மூளையில் ஒட்டுண்ணிச் சேதத்தைக் காட்டினார்கள். ஆனால் அது உருளைப்புழு இல்லை, நாசிட்ரீமா என்ற தட்டைப்புழு. காதறையிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குள் போய் முட்டை போடும், மூளை அழுகும். அது ஒரு விலங்கைக் கரைக்குத் தள்ளும் என்பதை நம்பலாம். பைலட் திமிங்கலங்களின் காதில் இருக்கும் ஸ்டெனூரஸ் வேறு விஷயம். அது அந்த இனத்தில் சகஜமாகக் கிடைப்பது, நன்றாக நீந்துபவற்றிலும் இருக்கும். எண்பது திமிங்கலத்துக்கும் ஒரே ராத்திரியில் ஒரே கரையில் காது போயிற்று என்று சொல்வதைவிட, பிரிய மனமில்லாத கூட்டமும் சரிவான மணல்கரையும் எனக்கு நம்பும்படி இருக்கின்றன.

இத்தனையும் திமிங்கலத்தின் வயிற்றுக்குள் நடக்கிற கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஒரு புழு நம் தட்டுக்கும் வருகிறது. அனிசாக்கிஸ். திமிங்கலம், டால்பின்களின் இரைப்பைதான் அதன் வீடு. கொத்துக் கொத்தாகத் தலையைச் சுவரில் புதைத்துக்கொண்டு, புண்ணாக்கி உட்கார்ந்திருக்கும். முட்டை மலத்தோடு கடலில் விழும். பொரிந்த குஞ்சை கூனிப்பொடி வகைகள் தின்னும், அவற்றை மீனும் கணவாயும் தின்னும், அந்த மீனைத் திமிங்கலம் தின்றால் வட்டம் முடிந்தது. நடுவில் மனிதன் அந்த மீனைப் பச்சையாகத் தின்றால் புழுவுக்கு வழி தவறிவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் நீளக் குஞ்சு, திமிங்கலம் என்று நினைத்து நம் இரைப்பையைத் துளைக்கப் பார்க்கும். சில மணி நேரத்தில் உயிர் போகிற வலி. வளரவோ முட்டையிடவோ முடியாமல் அதுவும் செத்துவிடும்.

இது நோய் என்று தெளிவானது நெதர்லாந்தில். லேசாக உப்பிட்ட பச்சை ஹெர்ரிங் மீனைத் தின்றவர்களுக்கு வந்த கடும் வயிற்றுவலிக்கு இந்தப் புழுதான் காரணம் என்று வான் டீல் குழுவினர் 1960-இல் எழுதினார்கள். 1968-இல் ஹெர்ரிங்கை உறையவைத்துத்தான் விற்கவேண்டும் என்று அந்த நாடு சட்டம் போட்டது, நோய் ஏறக்குறைய நின்றுவிட்டது. இப்போதும் ஐரோப்பிய விதி அதுதான்: பச்சையாகத் தின்னும் மீன் மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம். ஜப்பானில் பச்சை மீன் பழக்கத்தால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது. எண்டோஸ்கோப் விட்டுப் புழுவைக் கவ்வி வெளியே எடுத்துவிட்டால் வலி உடனே அடங்கும். நம் வீட்டு மீன் குழம்புக்குப் பயமில்லை, 60 டிகிரி சூட்டில் ஒரு நிமிடத்தில் புழு செத்துவிடும். ஆனால் காடிக்கும் எலுமிச்சைச் சாறுக்கும் சாகாது. செத்த புழுவின் சில புரதங்கள் கொதித்தாலும் அழியாமல், ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவருக்குத் தொல்லை கொடுக்கும். மீன் ஒவ்வாமை என்று வருபவர்களில் சிலருக்கு மீனால் இல்லை, மீனுக்குள் இருந்ததால்.

2020-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஈவன் ஃபியோரென்சா, செல்சி வுட் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரு கணக்குச் சொன்னார்கள். 1970-களிலிருந்து மீன்களில் அனிசாக்கிஸ் சராசரியாக 283 மடங்கு கூடியிருக்கிறது. பத்திரிகைகள் எல்லாம் சுஷிக்கு ஆபத்து என்று தலைப்புப் போட்டன. எனக்கு அந்த எண்ணில் வேறு ஒன்று தெரிந்தது. பெரிய அளவில் நடந்த திமிங்கல வேட்டைக்கு 1980-களில் தடை வந்தது, 1972 சட்டமும் சேர்ந்தது, பல இடங்களில் திமிங்கலங்கள் மெல்லப் பெருகின. வீடு கூடினால் குடித்தனமும் கூடும். கடல் சூடாவதும், கரையிலிருந்து உரச்சத்து கடலில் கலப்பதும்கூடக் காரணமாக இருக்கலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே முழுப் புண்ணியத்தையும் திமிங்கலத்துக்கு எழுதிவிடக் கூடாது. அப்படியே திமிங்கலம்தான் காரணம் என்றால், அந்த 283 மடங்கை நல்ல செய்தியாக வாசிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் சிறு கூட்டமாக மிஞ்சியிருக்கும் திமிங்கலங்கள் உள்ள கடலில், மற்ற பெரிய இனங்களால் புழு பெருகி அவற்றின் வயிற்றிலும் ஏறினால் அவை தாங்குமா என்றும் செல்சி வுட் குழு கேட்கிறது. நியாயமான கேள்வி.

கடைசியாக, என் தொழில் புத்தி விடாமல் கேட்கிற ஒன்று: மருந்து கொடுத்தால் என்ன? கரை ஒதுங்கி உயிரோடு கிடைத்த போர்பாய்ஸ்களை ஐரோப்பாவில் தொட்டியில் வைத்துத் தேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐவர்மெக்டின், லெவமிசோல் எல்லாம் எங்கள் அலமாரியிலும் இருக்கிற மருந்துகள்தான். ஆனால் மூச்சுக்குழாய் நிறையப் புழு இருக்கிற பிராணிக்கு அதை முழு அளவில் கொடுத்தால் ஒரே நேரத்தில் எல்லாம் செத்து அங்கேயே அழுகும். அடைப்பு, கடும் அழற்சி. ரத்தக்குழாய்க்குள் சூடாலியஸ் செத்தால் அது கட்டியாகி நுரையீரல் தமனியை அடைக்கும். புழுவோடு நீந்தி வந்தது மருந்தால் செத்துப்போகும். அதனால் முதலில் தண்ணீரும் தீனியும் கொடுத்துத் தேற்றுகிறார்கள். நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக், அழற்சிக்குத் தனி மருந்து, பிறகு புழு மருந்தைப் பார்த்துப் பார்த்து. தேறியபின் கடலில் விடுகிறார்கள். விட்ட அன்றைக்கே அது மறுபடியும் மணிக்கு நூற்றுக்கணக்கில் மீன் தின்னத் தொடங்கிவிடும்.